எழுதியதைத் திருத்த இருபது நிமிடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, தமிழில் டைப் செய்யப் பழகியவர்கள் சில வாரங்களில் ஒரு கேள்வியுடன் வருவார்கள். "டைப் செய்வது பத்து நிமிடத்தில் முடிந்து விடுகிறது. அதைச் சரி பார்க்கத்தான் இரவு முழுவதும் ஆகிறது. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்தால், நான் தூங்கப் பன்னிரண்டு ஆகி விடுகிறது. இதற்குச் சுலபமான வழி இல்லையா?"

வழி உண்டு. அதற்காகப் புதிய சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டியதில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் வேர்ட் தொகுப்பே போதும். எங்கள் குடியிருப்பில் மாதம் ஒருமுறை நான்கு பக்கச் செய்தி மடல் ஒன்று வெளியிடுகிறோம். அதைத் தயார் செய்வது என் பொறுப்பு. வீட்டில் நான்காம் வகுப்பில் ஒரு மகள், யு.கே.ஜி.யில் ஒரு மகன். பகலில் அலுவலகம். எனவே மடலுக்கு வரும் குறிப்புகளையும், நான் எழுதுவதையும் இரவு ஒன்பதரை மணிக்கு மேல் கிடைக்கும் இருபது நிமிடத்தில்தான் திருத்துகிறேன். அந்த முறையைத்தான் இங்கு தருகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்து கொள்ளுங்கள். எழுதும் நேரம் வேறு, திருத்தும் நேரம் வேறு. ஒரு வரி டைப் செய்து, உடனே பின்னால் போய் அதை அழித்து, மீண்டும் டைப் செய்து கொண்டிருந்தால் இரண்டு வேலையும் முடியாது. பலரை இப்படிப் பின்னால் இழுப்பது சொற்களுக்குக் கீழே தோன்றும் சிவப்பு நெளிகோடுதான். சில கம்ப்யூட்டர்களில் தமிழுக்கான பிழை திருத்தும் வசதி பதியப்பட்டிருக்காது. அப்போது சரியான தமிழ்ச் சொற்களுக்குக் கீழேயும் கோடு வரக்கூடும். எழுதும்போது இதை நிறுத்தி வைக்கலாம். பைல் மெனுவில் ஆப்ஷன்ஸ் தேர்ந்தெடுத்து, கிடைக்கும் விண்டோவில் புரூபிங் பிரிவில் கிளிக் செய்திடுங்கள். அங்கு 'செக் ஸ்பெல்லிங் அஸ் யூ டைப்' என்று இருக்கும் வரியின் முன்னால் உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே தட்டவும். திருத்தும் நேரம் வந்தவுடன் மீண்டும் டிக் போட்டுக் கொள்ளலாம்.

டைப் செய்து கொண்டிருக்கும்போதே குழந்தை எழுந்துவிட்டதா? கண்ட்ரோல்+எஸ் தட்டிவிட்டுப் போங்கள். மறுநாள் அந்த டாகுமெண்ட்டைத் திறந்தவுடன் ஷிப்ட்+எப்5 தட்டினால், நீங்கள் கடைசியாக விட்ட இடத்திற்குக் கர்சர் போய் நிற்கும். வேர்டில் இருக்கும் ஷார்ட்கட் கீகளிலேயே பெற்றோருக்கு அதிகம் உதவுவது இதுதான் என்பேன்.

டைப் செய்வதே சிரமமாக இருப்பவர்கள் மொபைல் போனில் பேசியும் எழுதலாம். 2017ல் கூகுள் நிறுவனம் தமிழ் உட்பட எட்டு இந்திய மொழிகளுக்குக் குரல் வழி டைப்பிங் வசதியைத் தந்தது. சமையல் அறையில் நின்றபடியே பேசிப் பதிந்து, அதை மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக் கம்ப்யூட்டரில் திறந்து கொள்ளலாம். ஆனால் பேசி எழுதியதில் கமாவும் முற்றுப்புள்ளியும் பெரும்பாலும் இருக்காது. வாக்கியங்களைப் பிரிப்பது உங்கள் வேலை.

ஒரு வாக்கியம், 38 சொற்கள்

இனி, திருத்துவதற்கு வருவோம். எங்கள் மடலுக்கு ஒரு கோடை மாதத்தில் வந்த குறிப்பு இது. எழுதியவர் நல்ல எண்ணத்துடன்தான் எழுதியிருந்தார்.

"கோடை காலத்தில் குழந்தைகளுக்கு அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கின்போது உடலில் உள்ள நீர்ச்சத்து குறைந்துவிடும் என்பதால் மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஒன்றை வாங்கித் தண்ணீரில் கலந்து குழந்தை ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பிறகும் கொடுத்து வருவதுடன் தாய்ப்பால் உள்ளிட்ட வழக்கமான உணவையும் நிறுத்தாமல் கொடுத்து வர வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது."

இலக்கணப் பிழை இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் இதை யார், எப்போது படிப்பார் என்று எண்ணிப் பாருங்கள். மகனும் மருமகளும் ஊரில் இல்லாத நாளில், நடு இரவில், சோர்ந்து கிடக்கும் பேரக் குழந்தையை மடியில் வைத்துக் கொண்டு ஒரு பாட்டி படிப்பார். ஒரு கையில் பாக்கெட், இன்னொரு கையில் நமது மடல். "தண்ணீரில் கலந்து" என்று போட்டிருக்கிறது. எவ்வளவு தண்ணீரில்?

கடைகளில் ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டுகள் இரண்டு அளவுகளில் கிடைக்கின்றன. பெரியது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. உலக சுகாதார நிறுவனம் 2002ல் திருத்தி வெளியிட்ட கலவைப்படி அதில் 20.5 கிராம் தூள் இருக்கும். சிறியது 200 மில்லிக்கானது. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினால், உப்பு மிக அதிகமாகிக் குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். சிறிய பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் நீர்த்துப் போய்ப் பலன் இருக்காது. 38 சொற்களில் அந்த ஓர் அளவு மட்டும் விட்டுப் போயிருக்கிறது. எழுதியவருக்கு அது தெரியாமல் இல்லை. வாக்கியத்தின் நீளத்தில் அது தொலைந்துவிட்டது.

இத்தகைய வாக்கியங்களைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. வேர்டில் கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு, வாக்கியத்தில் ஏதேனும் ஓர் இடத்தில் மவுஸால் கிளிக் செய்திடுங்கள். அந்த வாக்கியம் முழுவதும் தேர்ந்தெடுக்கப்படும். திரையின் கீழாக உள்ள ஸ்டேட்டஸ் பாரில், மொத்தச் சொற்களில் இந்த வாக்கியத்தில் எத்தனை என்று காட்டும். காட்டவில்லை என்றால் ஸ்டேட்டஸ் பாரில் ரைட் கிளிக் செய்து, 'வேர்ட் கவுன்ட்' என்பதை டிக் செய்திடவும். லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துபவர்கள் வாக்கியத்தின் மீது மூன்று முறை வேகமாகக் கிளிக் செய்தால் போதும். சுருக்கக் குறியீடுகளில் புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டிருந்தால், வேர்ட் அதையே வாக்கிய முடிவு என்று எடுத்துக் கொள்ளும். பார்த்துக் கொள்ளுங்கள்.

எத்தனை சொற்கள் வரை இருக்கலாம்? நான் பதினைந்தைத் தாண்டினால் நிறுத்திப் பார்ப்பேன். ஆங்கிலத்தில் மூன்று, நான்கு சொற்களில் சொல்வதைத் தமிழ் ஒரே சொல்லில் ஒட்டிச் சொல்லிவிடும். எனவே தமிழில் பதினைந்து சொற்கள் என்பது குறைவானது இல்லை. மேலும், தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. என்ன செய்ய வேண்டும் என்பது தெரிய, படிப்பவர் கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் உள்ள அனைத்தையும் அவர் நினைவில் சுமந்து கொண்டிருப்பார்.

குறிப்பைத் திருத்திய பின் இப்படி ஆனது:

"குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடனே ஓ.ஆர்.எஸ் கொடுக்கத் தொடங்குங்கள். எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. சிறிய பாக்கெட் 200 மில்லிக்கு. கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரில் பாக்கெட் முழுவதையும் கரையுங்கள். ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பிறகும், 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி கொடுங்கள். 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. 24 மணி நேரத்திற்குப் பின் மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். குழந்தை குடிக்க மறுத்தாலும், துவண்டு போனாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் உடனே டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள்."

முன்பைவிட நீளமாகிவிட்டது. ஆனால் படிக்கும் நேரம் குறைந்துவிட்டது. திருத்துவது என்றால் சுருக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதைச் சேர்ப்பதும் திருத்தம்தான். இந்தக் குறிப்பில் நான் வெட்டியது "கோடை காலத்தில்", "என்பது குறிப்பிடத்தக்கது" போன்ற சில சொற்களை மட்டுமே. தண்ணீர் அளவுகளைப் பாக்கெட்டுகளைக் கையில் வைத்துக் கொண்டும், கொடுக்கும் அளவுகளைக் குழந்தை மருத்துவர் ஒருவரிடம் கேட்டும் சேர்த்தேன்.

வரிகளை முன்னும் பின்னும் நகர்த்துவதற்கு வெட்டி ஒட்டிக் கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித் தனிப் பாராவாக என்டர் தட்டிப் பிரித்து வையுங்கள். கர்சரை ஒன்றில் வைத்து, ஆல்ட்+ஷிப்ட் கீகளுடன் மேல் அம்புக் குறியை அழுத்தினால் அந்தப் பாரா மேலே ஏறும். கீழ் அம்புக் குறிக்குக் கீழே இறங்கும். லிப்ரே ஆபீசில் கண்ட்ரோல்+ஆல்ட். வரிசை சரியானவுடன் மீண்டும் சேர்த்துவிடலாம். "முதலில் அதைப் பாருங்கள்" என்ற வரியைக் கரைக்கும் வரிக்கு முன்னால் கொண்டு வந்தது இப்படித்தான்.

இரண்டு பொருள் தரும் வரிகள்

நீளம் குறைந்தும் குழப்பும் வாக்கியங்கள் உண்டு. "நேற்று டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்கினேன்." நேற்று எழுதிக் கொடுத்தாரா? நேற்று வாங்கினீர்களா? "டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை நேற்று வாங்கினேன்" என்று ஒரு சொல்லை இடம் மாற்றினால் தீர்ந்தது. இது பரவாயில்லை, தவறாகப் புரிந்தாலும் நஷ்டமில்லை. "குளிர்ந்த பால், தயிர் கொடுக்க வேண்டாம்" என்பதை என்ன சொல்வது? தயிரே கூடாதா, குளிர்ந்த தயிர்தான் கூடாதா?

இன்னும் மோசமானது, "காலை, மாலை இரண்டு மாத்திரை" என்பது. வேளைக்கு ஒன்றாக நாளைக்கு இரண்டா, வேளைக்கு இரண்டாக நாளைக்கு நான்கா? அலுவலகம் கிளம்பும் அவசரத்தில், பிள்ளையைப் பார்த்துக் கொள்பவருக்கு நாம் எழுதி வைக்கும் துண்டுச் சீட்டுகளில் இந்த வரிதான் அதிகம் இருக்கிறது. "காலை 1 மாத்திரை. மாலை 1 மாத்திரை" என்று டைப் செய்ய மூன்று விநாடி கூடுதலாக ஆகலாம். எண்களை எண்களாகவே போடுங்கள். படிப்பவர் கண் அங்கு தானாகவே நிற்கும்.

அரசு அறிவிப்புகளைப் படித்துப் படித்து நமக்குப் படிந்துவிட்ட "செய்யப்பட வேண்டும்" நடையையும் கவனியுங்கள். "தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யப்படும்போது குழாய்கள் மூடப்பட வேண்டும்." யார் மூட வேண்டும்? வாட்ச்மேன் மூடுவார் என்று வீட்டில் இருப்பவரும், வீட்டுக்காரர்கள் மூடுவார்கள் என்று வாட்ச்மேனும் இருந்துவிட்டால், மாலையில் பூட்டிய வீட்டுக்குள் தண்ணீர் ஓடும். "வீட்டை விட்டுக் கிளம்பும் முன் உங்கள் வீட்டுக் குழாய்கள் அனைத்தையும் மூடிவிடுங்கள்" என்று எழுதினால் சந்தேகமே இல்லை. திருத்தும்போது கண்ட்ரோல்+எப் தட்டி, தேடல் கட்டத்தில் "ப்பட" என்று மட்டும் டைப் செய்யுங்கள். இத்தகைய வரிகளில் பெரும்பாலானவை வரிசையாகக் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் "யார்?" என்று கேட்டுக் கொண்டே செல்லலாம்.

ஒவ்வொருவருக்கும் கை தானாக டைப் செய்யும் சொற்கள் சில இருக்கும். ஒருவருக்கு "எனவே", இன்னொருவருக்கு "மிகவும்". எங்கள் மடலுக்கு எழுதும் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவருக்கு "மேற்படி". உங்கள் சொற்கள் எவை என்று ஒரு சிறு பட்டியல் போட்டு நோட்பேடில் வைத்துக் கொண்டு, ஒவ்வொரு முறையும் கண்ட்ரோல்+எப் மூலம் தேடிப் பாருங்கள். நான்கைந்து கட்டுரைகளுக்குப் பின் பட்டியலே தேவைப்படாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. கண்ட்ரோல்+எச் தட்டிக் கிடைக்கும் ரீப்ளேஸ் வசதியில் 'ரீப்ளேஸ் ஆல்' பட்டனைத் தமிழில் பயன்படுத்த வேண்டாம். தமிழில் ஒரு சொல் இன்னொரு சொல்லுக்குள் எளிதாக ஒளிந்து கொள்ளும். "பால்" என்று இருப்பதை எல்லாம் "பசும்பால்" என மாற்றச் சொல்லிப் பாருங்கள். "தாய்ப்பால்" எல்லாம் "தாய்ப்பசும்பால்" ஆகிவிடும். பால்கனியும் பசும்பால்கனி ஆகும். 'பைண்ட் நெக்ஸ்ட்' அழுத்தி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். தெரியாமல் அழுத்திவிட்டால் கண்ட்ரோல்+இசட் இருக்கிறது.

கண்ணெதிரே சொல் இருந்தும், தேடினால் கிடைக்கவில்லையா? அது யூனிகோட் முறை பரவுவதற்கு முந்தைய பழைய எழுத்துரு ஒன்றில் டைப் செய்த பைலாக இருக்கலாம். பார்க்கத் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச சாப்ட்வேர் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிக் கொண்டு வேலையைத் தொடங்குங்கள். "ஔ" எழுத்துக்குப் பதிலாக "ஒ", "ள" என இரண்டு எழுத்துகளைச் சேர்த்து அடிப்பவர்களும் உண்டு. திரையில் ஏறத்தாழ ஒன்று போலவே தெரியும், தேடலில் சிக்காது.

காதால் படியுங்கள்

எழுதியவரின் கண் ஒரு மோசமான காவல்காரர். மனதில் இருப்பதைத்தான் அது திரையில் படிக்கும். காதை அப்படி ஏமாற்ற முடியாது. வேர்டின் புதிய பதிப்புகளில் (2019க்குப் பின் வந்தவை) ரிவ்யூ டேப்பில் 'ரீட் அலவுட்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதில் தமிழ் வரவில்லை என்றால் கவலை வேண்டாம். டாகுமெண்ட்டை பி.டி.எப். பைலாக சேவ் செய்து, விண்டோஸுடன் வரும் எட்ஜ் பிரவுசரில் திறந்து, கண்ட்ரோல்+ஷிப்ட்+யூ தட்டுங்கள். குரல் தேர்ந்தெடுக்கும் இடத்தில் தமிழுக்குப் பல்லவி என்ற பெண் குரலும், வள்ளுவர் என்ற ஆண் குரலும் கிடைக்கும். இவற்றுக்கு இன்டர்நெட் இணைப்பு வேண்டும். வேகத்தையும் குறைத்துக் கொள்ளலாம்.

இதில் பெற்றோருக்கு ஒரு பெரிய வசதி என்னவென்றால், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியதில்லை. அது படித்துக் கொண்டிருக்கும்போதே நான் துணி மடித்து முடித்துவிடுவேன். எந்த இடத்தில் காது உறுத்துகிறதோ அங்கு ஓடிப் போய் ஒரு அடையாளம் போட்டுவிட்டு வருவது வழக்கம். உணர்ச்சி இல்லாத குரல் என்று குறை சொல்பவர்கள் உண்டு. திருத்துவதற்கு அதுதான் நல்லது. நாம் படிக்கும்போது குரலை ஏற்றி இறக்கிக் குழப்பத்தைச் சமாளித்துவிடுவோம், அது சமாளிக்காது.

இதைவிடவும் நல்ல கருவி எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மகள். மடலில் ஒரு பாராவைக் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்வேன். அவள் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி போடுவேன். ஒரு பாராவுக்கு ஒரு கடலை மிட்டாய் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

எழுத்துப் பிழை கடைசியில்

பலர் இதில் தொடங்குவதால்தான் நேரம் போகிறது. அடுத்த நிமிடம் நீக்கப் போகும் வரிக்குச் சந்திப் பிழை பார்த்து என்ன பயன்? எல்லாம் முடிந்த பிறகு எப்7 கீயைத் தட்டுங்கள். ஆபீஸ் தொகுப்பில் தமிழுக்கான பிழை திருத்தியை மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கிச் சேர்த்துக் கொள்ளலாம். நீச்சல்காரன் என்ற பெயரில் இயங்கும் தமிழ் ஆர்வலர் உருவாக்கிய வாணி எழுத்துப் பிழைகளைக் காட்டும். அவருடைய நாவி, க், ச், த், ப் எங்கு மிகும் என்பதைச் சொல்லும். இரண்டும் இன்டர்நெட்டில் இலவசம்.

எந்தக் கருவியானாலும், தவறான இடத்தில் நிற்கும் சரியான சொல்லைப் பெரும்பாலும் கண்டு கொள்ளாது. "மூன்று வேலை கொடுக்கவும்" என்று எழுதினால் வேலை என்பதும் சொல்தானே என்று விட்டுவிடும். வேளை, வேலை, அரை, அறை, கரை, கறை ஆகியவற்றை நீங்கள்தான் பார்க்க வேண்டும். எண்களுக்கும் இதே கதிதான். 50 மில்லி, 500 மில்லி ஆகிப் போனால் எந்தச் சிவப்புக் கோடும் வராது. எனவே கடைசி இரண்டு நிமிடத்தை எண்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். வேறு எதையும் படிக்காமல் தேதி, மணி, அளவு, போன் எண் ஆகியவற்றில் மட்டும் விரல் வைத்து, மூலச் சீட்டுடன் ஒப்பிட்டுக் கொண்டே போக வேண்டும்.

அச்சுக்குக் கொடுப்பவர்கள் எழுத்தின் அளவை 14 ஆக வைக்கவும். நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதாக இருந்தால் 18க்குக் குறைய வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு வேர்ட் பைலாக எடுத்துச் செல்லாமல், பி.டி.எப். ஆகவே எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு கடைக்காரரின் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால், வேர்ட் பைலில் வரிகள் இடம் மாறிவிடும். பைல் மெனுவில் 'சேவ் அஸ்' கிளிக் செய்து, 'சேவ் அஸ் டைப்' என்ற கட்டத்தில் பி.டி.எப். தேர்ந்தெடுக்க வேண்டும். பைலின் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்துக் கொண்டால், பென் டிரைவில் இருக்கும் நான்கு பைல்களில் எது கடைசியாகத் திருத்தியது என்று கடையில் நின்று தேட வேண்டியிருக்காது.